அண்டா முன்னே, பந்தல் பின்னே

நாவலூற்று என்ற ஊரில் நான்கு பேர் இருந்தார்கள். எதையும் நன்றாக யோசிக்காமல் செய்யமாட்டார்கள். அதனால்தான் ஊரில் யாரும் அவர்களுக்கு எந்த வேலையும் கொடுப்பதில்லை.

மூத்தவர் குஞ்சிதபாதம். நால்வரில் மூக்குக்கண்ணாடி போட்டவர் அவர் ஒருவர்தான் என்பதால் அவரே தலைவர். அடுத்தவன் சங்கிலிமுத்து. மூன்றாமவன் ஏகாந்தம், பசி தாங்கமாட்டான். நான்காவது, சங்கிலிமுத்துவின் தங்கை பவளக்கொடி. அவளுக்கு ஒரு கைத்திறமை இருந்தது. பழச்சாறு கலக்குவாள். ஒரு தம்ளர் குடித்தவர்கள், சித்திரை வெயிலில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு போவார்கள். அவ்வளவு குளிர்ச்சி.

அந்தக் கோடையில் சந்தை வாசலில் பழச்சாறுக் கடை போட ஓர் இடம் காலியானது. பவளக்கொடி தன் வாழ்நாளில் ஆசைப்பட்டது அந்த இடம் ஒன்றுக்குத்தான். சந்தை மேலாளர் தாட்சாயணி அம்மாள் கண்டிப்பானவர்.

"வெள்ளிக்கிழமை பந்தல் போட்டுக்குங்க. மூணு மணிக்கு வருவேன். ஒரு தம்ளர் குடிச்சுப் பாப்பேன். பிடிச்சிருந்தா கோடை முழுக்க இடம் உங்களுக்கு. இல்லேன்னா சோடாக்காரருக்கு" என்றார்.

நால்வரும் கூடி யோசித்தார்கள்.

"சாறு போட நமக்குத் தெரியும். வியாபாரம் தெரியுமா?" என்று கேட்டார் குஞ்சிதபாதம்.

தெரியாது என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள். நல்ல வேளையாக, அந்த வாரம் நூலக மாடியில் ஓர் இலவச வகுப்பு நடந்தது. வாசல் பலகையில் 'டாலர், யூரோ, யென் வாங்கி விற்பது எப்படி? புதியவர்களுக்கான நாணய வணிகம்' என்று எழுதியிருந்தது.

"அண்ணே, இது டாலர் விக்கிறவங்களுக்குல்ல?" என்றான் சங்கிலிமுத்து.

"டாலரையே வித்துட்டா, தர்ப்பூசணியை விக்க முடியாதாடா?"

நால்வரும் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். வகுப்பெடுத்தவர் நல்ல மனிதர், நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார். நால்வரும் ஒரு சொல் விடாமல் மனப்பாடம் செய்தார்கள். ஆபத்து அங்கேதான் ஆரம்பித்தது.

வெள்ளிக்கிழமை காலை பழம் வாங்கப் போனார்கள்.

"நாணயத்தை எப்பவும் ஜோடியாத்தான் வாங்கி விக்கணும்னு வாத்தியார் சொன்னார்" என்று நினைவுபடுத்தினான் சங்கிலிமுத்து.

ஆகவே பழங்களுக்கு ஜோடி பார்த்தார்கள். தர்ப்பூசணிக்கு அன்னாசி என்று முடிவானது. ஆரஞ்சுக்கு எலுமிச்சை. இஞ்சிக்கும் புதினாவுக்கும் ஒத்துப்போகுமா என்று கால் மணி நேரம் வாதம் நடந்தது.

"இஞ்சி கோபக்காரப் பய" என்றான் ஏகாந்தம்.

"புதினா அனுசரிச்சுப் போகும்" என்றாள் பவளக்கொடி. பேசி முடித்தார்கள்.

திராட்சைக்குத்தான் ஜோடி கிடைக்கவில்லை. "திராட்சைக்குத் திராட்சையே ஜோடி. இரட்டைப்படையில் இருந்தால் போதும்" என்று தீர்ப்பளித்த குஞ்சிதபாதம், எண்ணும் வேலையை ஏகாந்தத்திடம் விட்டார். அவன் எண்ணினான். நூற்று ஐம்பத்தொன்று. ஒற்றைப்படை. ஒன்றைத் தின்றான். சரியாகிவிட்டதா என்று மறுபடி எண்ணுவதைவிட, சந்தேகத்துக்கு இன்னொன்றைத் தின்பது சுலபமாக இருந்தது. அது ஒற்றைப்படை ஆகிவிட்டதால் மறுபடியும் ஒன்று. இப்படியே போய்க் கடைசியில் திராட்சை சுழியத்தில் நின்றது. சுழியம் இரட்டைப்படை எண்தான். ஏகாந்தம் கணக்கில் தவறவே இல்லை.

பத்து மணிக்குப் பந்தல் எழுந்தது. மண் நிரப்பிய நான்கு தகர டின்களில் நான்கு மூங்கில் கம்புகள், மேலே தென்னங்கீற்று. உள்ளே ஒரு தள்ளுவண்டி. வண்டி மேல் ஓர் அண்டா.

பவளக்கொடி வேலையை ஆரம்பித்தாள். தர்ப்பூசணியைப் பிழிந்து விதை நீக்கினாள். அன்னாசியைப் பொடியாக நறுக்கிப் போட்டாள். ஆரஞ்சு, எலுமிச்சை, தட்டிப் பிழிந்த இஞ்சி, கசக்கிய புதினா, ஒரு சிட்டிகை உப்பு, மேலே பனிக்கட்டி. மணம் சந்தையின் மறுகோடிவரை போனது. மூட்டை தூக்கும் பாண்டித்துரை முதல் ஆளாக வந்து நின்றார்.

"ஒரு தம்ளர் குடு தாயி. எவ்வளவு?"

"இருபது ரூபாய்" என்ற பவளக்கொடி அகப்பையை எடுத்தாள். குஞ்சிதபாதம் அவள் கையைப் பிடித்தார்.

"வாத்தியார் என்ன சொன்னார்? புதுசா வர்றவங்க எடுத்ததும் நிஜத்துல இறங்கக் கூடாது. முதல்ல பாவனையா வாங்கி வித்துப் பழகணும். மூணு மணி வரைக்கும் பாவனை. மேலாளர் அம்மா வந்ததும் நிஜம்."

பவளக்கொடி அண்டாவை மூடிவிட்டு, காலித் தம்ளர் ஒன்றை மரியாதையோடு நீட்டினாள்.

பாண்டித்துரை உள்ளே பார்த்தார். "என்ன தாயி, ஒண்ணுமே இல்லை?"

"பழகுறோம்ணே. நீங்க குடிக்கிற மாதிரி குடிங்க. காசும் குடுக்குற மாதிரி குடுத்தாப் போதும்."

பாண்டித்துரைக்கு வெயிலில் இந்த ஒரு வேடிக்கைதான் கிடைத்தது. காலித் தம்ளரை அண்ணாந்து குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். "இனிப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார். பிறகு வெறுங்கையை நீட்டி, "இந்தா நூறு ரூபாய். மிச்சம் எம்பது குடு" என்றார்.

சங்கிலிமுத்து சில்லறைப் பெட்டியைத் திறந்தான்.

"மிச்சத்தையும் பாவனையாத்தானே குடுக்கணும்?" என்றான் ஏகாந்தம்.

"புதுசா செய்யறதைத்தான் பாவனையா செய்யணும்" என்றான் சங்கிலிமுத்து. "மிச்சம் குடுக்குறது நமக்குப் புதுசா? டீக்கடையில் நான் ஆறு வருஷம் குடுத்திருக்கேன்."

இந்த வாதத்தில் ஓட்டை எதுவும் தென்படவில்லை. எண்பது ரூபாயை நிஜமாகவே எண்ணிக் கொடுத்தார்கள்.

செய்தி பரவியது. சிறிது நேரத்தில் பந்தலின் முன் நாற்பது பேர் நின்றார்கள். சோடாக்காரரும் வந்து மூன்றாவதாக நின்று, தாகம் தீரக் குடித்துவிட்டு, எண்பது ரூபாயோடு போனார்.

"இவ்வளவு கூட்டம் எந்தக் கடைக்கும் வந்ததில்லை" என்று குஞ்சிதபாதம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

ஐந்தாவது ஆளுக்கு மிச்சம் கொடுத்ததும் சங்கிலிமுத்து பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தான். "அண்ணே, நானூறு ரூபாயும் போச்சு."

குஞ்சிதபாதத்தின் முகம் மாறியது. எவ்வளவு நட்டம் வந்தால் விலகுவது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும், அந்த எல்லை வந்துவிட்டால் ஒரு நொடிகூட உள்ளே இருக்கக் கூடாது என்பது வகுப்பில் சொன்ன மிக முக்கியமான பாடம். இவர்கள் தீர்மானித்திருந்த எல்லை நானூறு.

"வெளியேறுங்கள்" என்றார்.

நால்வரும் பந்தலை விட்டு வெளியே ஓடி, எட்டடி தள்ளி வெயிலில் நின்றார்கள்.

மணி இரண்டரை. உள்ளே அண்டாவில் பனிக்கட்டி கரைந்துகொண்டிருந்தது. பவளக்கொடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, மேலாளர் அம்மா வந்துருவாங்க. உள்ள போயிரலாமா?"

"வாத்தியார் வெளியேறச் சொன்னார். திரும்ப உள்ள போறதைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"சொல்லலை."

"அப்ப எப்படிம்மா போறது?"

அவள் கண்ணில் நீர் திரண்டது. அதைப் பார்த்த ஏகாந்தம், தின்ற திராட்சையின் பலமோ என்னவோ, அரிதாக ஒரு யோசனை சொன்னான்.

"நாம உள்ள போகத்தான் கூடாது. பந்தல் நம்ம மேல வந்தா?"

பாண்டித்துரையும் அவருடைய கூட்டாளிகள் மூவரும், வாங்கிய எண்பது ரூபாய்க்கு நன்றியாக, கம்புகளை டின்களிலிருந்து உருவிப் பந்தலைத் தூக்கி வந்து நால்வரின் தலைக்கு மேல் பிடித்தார்கள். ஆளுக்கொரு கம்பை வாங்கிக்கொண்டதும், யாரும் உள்ளே போகாமலே நால்வரும் உள்ளே இருந்தார்கள். எல்லோருக்கும் ஆனந்தம். அண்டா வெளியே இருப்பதைப் பிறகுதான் கவனித்தார்கள்.

கம்பை விட்டால் பந்தல் விழும். வெளியே போனால் திரும்ப வர முடியாது. அப்போது மணி மூன்று.

தாட்சாயணி அம்மாள் வேர்த்து விறுவிறுத்து வந்தார். வெட்டவெளியில் ஒரு தள்ளுவண்டி, அதன் மேல் ஓர் அண்டா. நாக்கு வறண்டிருந்ததால் யாரையும் கேட்காமல் மூடியைத் திறந்து ஒரு தம்ளர் மொண்டு குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு தம்ளர் மொண்டார்.

"யார் போட்டது?"

"நான்தாங்கம்மா" என்றாள் பவளக்கொடி, எட்டடி தள்ளி, கம்பைப் பிடித்தபடி.

"இடம் உனக்குத்தான். வந்து கையெழுத்துப் போடு. ஆமா, அண்டா ஏன் வெயில்ல கிடக்கு? பந்தலுக்குள்ள வைங்க."

உத்தரவு உத்தரவுதான். நால்வரும் பந்தலோடு அண்டாவை நோக்கி நடந்தார்கள். முன் கம்பு வண்டியில் இடித்தது. அங்கிருந்து சாலை கிழக்கே சரிவு. வண்டி பத்தடி உருண்டு நின்றது. பந்தலும் பத்தடி போய் மறுபடி இடித்தது. வண்டி மறுபடி உருண்டது.

"கொஞ்சம் வேகமாப் போனா பிடிச்சுரலாம்" என்றார் குஞ்சிதபாதம். வேகமாகப் போனதால் வேகமாக இடித்தார்கள்.

இப்படியாக அண்டா முன்னே, பந்தல் பின்னே, அதன் பின்னே காகிதமும் தம்ளருமாகத் தாட்சாயணி அம்மாள். வண்டி நின்ற இடமெல்லாம் அவர் ஒரு தம்ளர் மொண்டு குடித்தார். ஒரு மைல் போனதும் ஊர் எல்லைக்கல் வந்தது. வண்டி கல்லைத் தாண்டி, பக்கத்து ஊரான கரும்பாறையின் முதல் டீக்கடைப் பெஞ்சில் முட்டி நின்றது. பந்தலின் முன் கம்புகள் இரண்டும் கரும்பாறையில். பின் கம்புகள் நாவலூற்றில்.

"அந்தப் பக்கம் என் அதிகாரம் செல்லாது" என்று மூச்சு வாங்கினார் மேலாளர். "இந்தப் பக்கம் நிக்கிறவங்க யாராவது கையெழுத்துப் போடுங்க."

பின் கம்பைப் பிடித்திருந்தவள் பவளக்கொடி. ஒரு கையால் கம்பு, ஒரு கையால் கையெழுத்து. இடம் அவளுடையதாயிற்று.

"ரொம்ப நல்லது. இன்னொரு தம்ளர் குடு. இந்த முறை காசு குடுத்தே குடிக்கிறேன்" என்று தாட்சாயணி அம்மாள் இருபது ரூபாய்த் தாளை நீட்டினார். பவளக்கொடி அதை முன்னால் நின்ற குஞ்சிதபாதத்திடம் கொடுத்தாள். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு டீக்கடைக்காரரைப் பார்த்து மிகுந்த பணிவோடு கேட்டார்.

"ஐயா, அண்டா இப்ப உங்க ஊர்ல இருக்கு. காசு எங்க ஊர்க் காசு. எங்க ஊர் இருபது ரூபாய், உங்க ஊர்ல இன்னைக்கு எவ்வளவு?"

டீக்கடைக்காரர் பந்தலைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த நால்வரையும் பார்த்தார். நிதானமாகக் கண்ணாடித் தம்ளரைத் துடைத்து வைத்தார்.

"பதினெட்டு."

"குறைவா இருக்கே."

"காலையில் பதினேழு. ஏறிக்கிட்டு இருக்கு."

குஞ்சிதபாதம் பின்னால் திரும்பினார். "அம்மா, இப்ப மாத்தினா நமக்கு நட்டம். பொறுக்கணும்."

தாட்சாயணி அம்மாள் நாவலூற்றிலேயே அதிகம் படித்தவர். எட்டு வருஷமாகச் சந்தையை நடத்துபவர். அவர் அண்டாவைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார், டீக்கடைக்காரரைப் பார்த்தார். பிறகு பைக்குள் கையை விட்டார்.

"என்கிட்ட இன்னும் ஐந்நூறு இருக்கு. இருபத்திரண்டு ஆனதும் எல்லாத்தையும் சேத்து மாத்திருவோம்" என்று சொல்லிப் பந்தலுக்குள் வந்து, கால் வலித்த சங்கிலிமுத்துவின் கம்பைத் தான் வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு பந்தல் அசையவே இல்லை.