நத்தை இருந்த இடம்

"இந்த ஓட்டை எப்ப மூடும் மேடம்?"

சவரிராயன் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

ஹாஜிரா கையிலிருந்த கல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

காரைக்காலுக்கு வெளியே ஒரு கிடங்கு. எண்ணெய்க் கிணறு தோண்டும்போது பூமிக்குள்ளிருந்து உருளை உருளையாக எடுக்கிற கற்களை அங்கேதான் அடுக்கிவைப்பார்கள். சவரிராயன் இருபது வருஷம் துளை போட்டவர். போட்டவருக்குக் கல்லைப் படிக்கத் தெரியவில்லை. அதனால், தன் வயதில் பாதியே ஆன நிலவியல் அதிகாரி ஹாஜிராவிடம் மூன்று வருஷமாகப் பாடம் கேட்கிறார்.

அவர் மனைவி அமலோற்பவம் போய்ச் சேர்ந்து எட்டு மாதம்.

"இன்னும் ரெண்டு பேருக்குத்தான் காப்பி ஆத்துறேன். ஆத்தி முடிச்சப்புறம்தான் தெரியுது."

"ம்."

"அவ தங்கச்சி ஞாயித்துக்கிழமை மீன் குழம்பு எடுத்துக்கிட்டு வந்துச்சு. தட்டுச்சு, கூப்பிட்டுச்சு. நான் கதவத் திறக்கல."

"ம்."

"அதான் மாற்றல் கேட்டு எழுதியிருக்கேன். ராஜஸ்தான் பக்கம். அவ காலே படாத ஊரு. அங்க போனா மூடிக்கும். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

ஹாஜிரா இரண்டு சுண்ணாம்புக் கற்களை அவர் முன்னால் நகர்த்தினார்.

"எது நல்ல கல்லு அண்ணே?"

ஒன்றில் வெள்ளை வெள்ளையாகப் பளிங்குத் திட்டுகள். மற்றது பழுப்படைந்து, ஓட்டை ஓட்டையாக.

அவர் வெள்ளையைத் தொட்டார்.

"மூணு வருஷம் உங்களுக்குச் சொல்லிக்குடுத்ததுக்கு, இந்தக் கல்லுக்கே சொல்லிக்குடுத்திருக்கலாம்."

லென்ஸை நீட்டினார்.

சவரிராயன் பழுப்புக் கல்லின் ஓட்டைக்குள் பார்த்தார். உள்ளே ஒரு கடல் நத்தையின் சுழி. வரி வரியாக, கொஞ்சமும் கலையாமல்.

நத்தையைத்தான் காணோம்.

"எங்க போச்சு?"

"கரைஞ்சுபோச்சு."

"ஓட்டுல ஒரு துணுக்குகூடவா மிச்சமில்ல?"

"இல்ல. அது இருந்த இடம் மட்டும் இருக்கு."

சவரிராயன் கல்லை முகர்ந்து பார்த்தார். எண்ணெய் வாடை.

"இந்த எண்ணெய் எங்க பிறந்தது?" என்று கேட்டார் ஹாஜிரா.

"கீழ, களிமண் பாறையில."

"அப்புறம்?"

"மேல ஏறி வரும்." பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லிக்கொண்டே வந்தார். "தங்க ஒரு இடம் தேடி..."

நிறுத்திவிட்டார்.

வெள்ளைக் கல்லைப் பார்த்துக் கேட்டார்.

"இதுலயும் நத்தை இருந்துச்சா?"

"இருந்துச்சு. கரைஞ்ச இடத்தையெல்லாம் சுண்ணாம்பு வந்து அடைச்சிருச்சு. எவ்வளவு அழகா மூடியிருக்கு பாருங்க."

"எண்ணெய்?"

"இந்தப் பக்கமும்தான் வந்துச்சு அண்ணே."

ஹாஜிரா பேனாவைத் திறந்தார்.

"லெட்டரைக் குடுங்க. கையெழுத்துப் போடுறேன்."

சவரிராயன் ஓட்டைக் கல்லை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருந்தார். லெட்டரை எடுக்க அவருக்குக் கை ஒழியவில்லை.