லாடம் அடித்த செருப்பு

மலையடிவாரத்தில் வேட்டை சொல்லிக்கொடுக்கிற ஆசான் ஒருவர் இருந்தார். பெயர் நல்லணன். தலையில் ஒரு நரைமுடி கிடையாது. அவரிடம் படிக்க வந்தவர்களில் வீரணன் என்று ஒருவர். இவருக்குத் தலையில் ஒரு கறுப்புமுடி கிடையாது.

ஊர் சும்மா இருக்குமா? "கிழவனுக்கு இந்த வயசுல மிளா வேட்டை கேக்குதோ?" என்று காதுபடவே பேசியது. வீரணன் கண்டுகொள்ளவில்லை. மிளா என்கிற அந்தப் பெரிய மான் இலை அசைந்தாலே ஓடிவிடும். அதன் பின்னால் போகிறவன் முதலில் சத்தமில்லாமல் நடக்கப் பழகவேண்டும். வீரணன் அந்த ஒரு பாடத்தைத்தான் உயிரைக் கொடுத்துப் படித்தார். காய்ந்த தேக்கிலைமேல் அவர் நடந்துபோனால் பக்கத்தில் படுத்திருக்கிற நாய்கூடத் தலையைத் தூக்காது.

இவ்வளவு கெட்டிக்காரர், மாதாமாதம் பெரிய பொத்தை என்கிற மலைமேல் வேட்டைக்கு ஏறுவார், ஒரு முயல்குட்டிகூட இல்லாமல் வெறுங்கையோடு இறங்குவார். ஏன் என்று கேட்டால் பழியைத் தூக்கிச் செருப்பின்மேல் போட்டுவிடுவார். ஆட்டுத்தோல் செருப்பில் முள் ஏறிவிட்டது. எருமைத்தோல் குதிகாலைக் கடித்தது. நார் பின்னிய செருப்பு மழையில் ஊறிக் கூழாகிவிட்டது. மனுஷர் செருப்பு மாற்றியே பாதி ஆயுளைக் கழித்துவிடுவார் போலிருந்தது.

ஒருநாள் காலையில் நொண்டிக்கொண்டு வந்தார். கையில் ஒற்றைச் செருப்பு, அடித்தோல் கிழிந்து தொங்கியது.

"ஆசானே, எனக்கு ஒரு நல்ல செருப்பு சொல்லுங்க."

"இரும் ஓய். முதல்ல உக்காரும். எதுக்குச் செருப்பு?"

"வேட்டைக்குத்தான். பெரிய பொத்தை எப்படின்னு உங்களுக்குத் தெரியாததா? பாறை எல்லாம் அரிவாள் மாதிரி நிக்குது. மேல போனா வழுக்கு. அதுக்கும் மேல முள்ளு, அட்டை. தேயாத செருப்பா வேணும், காலையும் கடிக்கக்கூடாது. கணுக்காலை மூடி இருந்தா இன்னும் நல்லது."

"அந்தக் கிழிஞ்சதை இங்க தாரும்."

நல்லணன் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் அடியைத் தடவினார். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்தும் பார்த்தார். வீரணனுக்கு என்னவோபோல் இருந்தது.

"முன்னால முழுக்கத் தேஞ்சிருக்கு. குதிகால் புதுசா இருக்கு. மலை ஏறி இறங்குறவன் செருப்பு இப்படித் தேயாதே ஓய். ரொம்ப நேரம் நுனிக்கால்ல குத்தவெச்சு இருந்தீரோ?"

"மிளாவுக்காகக் காத்துக் கிடந்தேன்."

"சரி. தையல் இடுக்குல சாணி இருக்கு."

"காடுன்னா சாணி இருக்கத்தானே செய்யும்."

"இது மாட்டுச் சாணி. மிளா எப்ப ஓய் மாட்டுச் சாணி போட ஆரம்பிச்சுது?"

வெளியே யாரோ உலக்கை போடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நல்லணன் அவசரப்படவில்லை, செருப்பை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"பொத்தைக்கு அந்தப் பக்கச் சரிவுல ஒரு வீடு இருக்கு ஆசானே," என்றார் வீரணன் கடைசியில். "தனி வீடு. பின்னால தொழுவம். தொழுவத்துக்குப் பின்னால ஒரு ஈச்சம்புதர்."

"யார் வீடு?"

"எம்மக செம்பாயி வீடு."

செம்பாயி அவருக்கு ஒரே மகள். தாய் இல்லாமல் வளர்த்த பிள்ளை. மலைக்கு அந்தப் பக்கத்துக்காரன் தொட்டன் என்பவனை மனசுக்குப் பிடித்து, அப்பன் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் போய்விட்டாள். போகிற நாளில் இவர் வாசலில் நின்று, 'இனிமே உன் மூஞ்சியில முழிக்கமாட்டேன்' என்று கத்தினார். அதற்கடுத்த மாதம்தான் ஆசானிடம் வந்து, சத்தமில்லாமல் நடக்கக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டது.

"சொன்ன சொல்லைக் காப்பாத்தினேன்," என்றார். "அவ இன்னவரைக்கும் என் மூஞ்சியைப் பாக்கலை. நான்தான் புதருக்குள்ள இருந்து அவளைப் பாப்பேன்."

"பலே ஆளுதான் ஓய் நீரு."

"பால் கறக்க வருவா. மாடு உதைச்சா திட்டுவா பாருங்க, 'ஏ கெழட்டு மூதி, ஒரு இடத்துல நிக்கமாட்டியா'ன்னு. அப்படியே என்னைத் திட்டுற மாதிரியே இருக்கும். வீட்டுல இருக்கும்போது ஒரு நாளைக்கு எத்தனை தடவை அப்படித் திட்டு வாங்கியிருப்பேன்! இப்ப அந்த மாட்டைப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு ஆசானே."

நல்லணனுக்குச் சிரிப்பு வந்தது. வீரணனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு பிள்ளை பிறந்திருக்கு. என் காது அப்படியே, முறம் மாதிரி. தொழுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நடக்கப் பழகிச்சு. ஒரு தடவை புதருக்கு ஒரு கை தூரத்துல வந்து நின்னுச்சு. நீட்டியிருந்தா தொட்டிருக்கலாம்."

"நீட்டலையா?"

"எப்படி நீட்ட? அது அழுதா அவ வந்துருவாளே."

நல்லணன் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினார். வீரணன் மடமடவென்று குடித்தார். அந்த மூச்சிலேயே மிச்சத்தையும் கொட்டிவிட்டார்.

"போன தடவை இந்தப் பாழாப்போன செருப்பு பாறையில கிழிஞ்சு கால் வழுக்கிருச்சு. கல்லு உருண்டது. 'யாரு?'ன்னு கேட்டா. மூச்சை அடக்கிட்டு இருந்துட்டேன். மறுபடியும் கேட்டா, 'யாரு அது?'ன்னு. பிறகு பிள்ளையை வாரி எடுத்துக்கிட்டு ஓடிப்போய்க் கதவை அடைச்சுட்டா. புருஷன் வந்து வேல்கம்போட சுத்திச் சுத்திப் பாத்தான். பல நாளா வீட்டைச் சுத்தி ஏதோ நடமாடுதுன்னு அவன்கிட்ட சொல்லி அழுதா ஆசானே. மாடு மிரளுது, என்னான்னு தெரியலை, பிள்ளையை வெளிய விடவே பயமா இருக்குன்னு. சோளம் அறுத்ததும் இந்த வீட்டை விட்டுட்டு வடக்க, ஆத்துக்கு அப்பால போயிருவோம்னு பேசிக்கிட்டாங்க. அவ்வளவு தூரம் போயிட்டா என் காலுக்கு எட்டாது."

"அது என்ன மிருகம்?"

"தெரியலையே. நானும் தடம் தேடிப் பாத்தேன். ஒண்ணும் தட்டுப்படலை. என் தடம் ஒண்ணுதான்..."

வீரணனின் பேச்சு பாதியில் நின்றது. உலக்கைச் சத்தமும் நின்றுபோயிருந்தது. மனுஷர் குனிந்து தன் காலையே பார்த்தார்.

"இந்த மலையில வழக்கம் என்ன ஓய்?" என்று கேட்டார் நல்லணன்.

"எது?"

"தனி வீட்டுக்குப் போறவன் எப்படிப் போவான்?"

"பாதை வளைவுல நின்னு கூவுவான். வீட்டுல இருந்து பதில் கூவினா போவான். கூவலைன்னா திரும்பிருவான்."

"கூவாம வாறது?"

"மிருகம். இல்லைன்னா கள்ளன்."

"நீரு ஏன் கூவலை?"

வீரணன் ரொம்ப மெதுவாகச் சொன்னார். "கூவி, அவ பதில் கூவலைன்னா? பிறகு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அந்தப் புதருக்குள்ள போய் உக்காருவேன்? வளைவுல நின்னு வாயைத் திறந்து பாத்திருக்கேன் ஆசானே. காத்துதான் வருது, சத்தம் வரமாட்டேங்குது."

நல்லணன் அவருடைய காலை இழுத்துவைத்து ஒரு குச்சியால் மண்ணில் அளவு கீறிக்கொண்டார்.

"சந்தைக்கு மறுநாள் வாரும். பெரிய பொத்தைக்கு ஏத்த செருப்பு தாறேன்."

வீரணன் போனார். அந்த நாட்களை அவர் எப்படித் தள்ளினார் என்பது அவருக்குத்தான் தெரியும். சோறு இறங்கவில்லை. சோளம் இப்போது பால் பிடித்திருக்குமா, முற்றியிருக்குமா என்று போகிறவர் வருகிறவரை எல்லாம் கேட்டார். கேட்டவர்கள் கிழவனுக்கு வேட்டைப் பைத்தியம் முற்றிச் சோளப் பைத்தியம் ஆகிவிட்டது என்று சிரித்தார்கள். சந்தைக்கு மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக ஆசான் வீட்டு முன்னால் வந்து நின்றார்.

செருப்பு தயாராக இருந்தது. எருமைத்தோலை அடுக்கடுக்காக வைத்துத் தைத்த அடி. கணுக்காலுக்கு மேல்வரை ஏறிய மேல்தோல், கட்டிக்கொள்ள வார். உள்ளே வெள்ளாட்டுத்தோல் மெத்தென்று இருந்தது. வீரணன் காலை நுழைத்தார். கடிக்கவில்லை, இறுக்கவில்லை. மனுஷர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"ஆகா, இதைப் போட்டுக்கிட்டு எங்க வேணும்னாலும் போகலாமே!" என்று எழுந்து முற்றத்துக் கல்மேல் ஓர் எட்டு வைத்தார்.

கிளாங்!

திடுக்கிட்டு நின்றார். இன்னோர் எட்டு வைத்தார். கிளாங்! முற்றத்தில் மேய்ந்த கோழிகள் கத்திக்கொண்டு ஓடின. படுத்திருந்த நாய் எழுந்து குரைத்தது.

காலைத் தூக்கிப் பார்த்தார். வண்டிமாட்டுக்குக் குளம்பில் அடிக்கிற இரும்பு லாடம். இரண்டு செருப்பிலும் முன்னால் ஒன்று, குதிகாலில் ஒன்று என்று ஆணி வைத்து அடித்திருந்தது.

"என்ன ஆசானே இது? மாட்டு லாடமா?"

"தேயாத செருப்பு கேட்டீரே. பாறையில அது ஆயுசுக்கும் தேயாது."

"இதோட எப்படி வேட்டைக்குப் போவேன்? மிளா என்ன, காது செத்த பன்றிகூட ஓடிப்போயிருமே!"

"ஓடட்டும். உமக்குப் பன்றியா வேணும்?"

லாடம் பாறையில் பட்டு அந்தச் சரிவு முழுக்க மோதி எதிரொலிப்பதை வீரணனால் இங்கிருந்தே கேட்கமுடிந்தது. குனிந்து வாரை அவிழ்க்கப் பார்த்தார். விரல் முடிச்சில் நின்றது. அவிழ்க்கவில்லை.

"ஆசானே," என்றார். குரல் பிசிறியது. "நான் வளைவுக்கு வாறதுக்கு ரொம்ப முன்னாலயே அவளுக்குக் கேட்டுருமே."

"கேக்கட்டும் ஓய்," என்றார் நல்லணன். "பதில் கூவவா வேண்டாமான்னு யோசிக்க அவளுக்கும் கொஞ்சம் நேரம் வேணும்லா?"