முழங்கைக் குழாயும் முப்பிடாதியின் குடமும்

ஆற்றங்கரையில் புறப்பட்டு, முப்பது கிலோமீட்டர் மண்ணுக்குள்ளேயே நடந்து, நாற்பத்தெட்டு ஊர்களைத் தாண்டி, ஒரு பெரிய குழாய் காரையூத்து என்கிற ஊருக்கு வந்து சேர்ந்திருந்தது. அது சர்க்கார் குழாய். அந்த ஊரின் நடுவில் நாலு கால்களை அகல ஊன்றிக்கொண்டு ஒரு தண்ணீர்த் தொட்டி நின்றது. அது பஞ்சாயத்துத் தொட்டி. குழாய் வந்ததோ மேற்கிலிருந்து, தொட்டி நின்றதோ வடக்கே. அதனால் இரண்டுக்கும் நடுவில், முழங்கால் உயரத்தில், வளைந்த இரும்புத் துண்டு ஒன்றை வைத்துப் பூட்டினார்கள். பிட்டர்மார் அதை எல்போ என்றார்கள். ஊரார் முழங்கை என்றார்கள்.

முழங்கைக்கு இரண்டு வாய். மேற்கு வாயில் எட்டு போல்ட், வடக்கு வாயில் எட்டு போல்ட். வாய்க்கு ஒரு ரப்பர் வாஷர். பெரிய குழாய்க்கு நீல பெயிண்ட் அடித்தார்கள். அது முழங்கைக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது. தொட்டிப் பக்கம் பச்சை பெயிண்ட். அது முழங்கைக்கு ஒரு சாண் தள்ளித்தான் தொடங்கியது. நடுவில் முழங்கை மட்டும் துருவின் நிறத்தில் கிடந்தது. அதில் அதற்குக் கொஞ்சம் மனக்குறைதான்.

இருந்தாலும் பாசக்காரப் பிறவி. பெரிய குழாயை அண்ணாச்சி என்றும் தொட்டியை மதினி என்றும் வாய் நிறையக் கூப்பிடும்.

ஒருநாள் முழங்கை ஒழுக ஆரம்பித்தது.

"நாற்பத்தெட்டு ஊருக்குப் பதில் சொல்பவன் நான்" என்றது பெரிய குழாய், தொட்டியைப் பார்த்து. அதற்கு எப்போதும் கடிதம் எழுதுகிற மாதிரிதான் பேச வரும். "என் எல்லை முழங்கையோடு முடிந்தது. ஒழுகுவது உன் பக்கம்."

"நாப்பத்தெட்டு ஊரு தெரியும், சரி. அதுல ஒரு வீட்டுக்காரி பேராவது உங்களுக்குத் தெரியுமா?" என்றது தொட்டி. "நான் இங்கேருந்து எட்டிப் பாத்தா எந்த வீட்டுல அடுப்பு பத்தியிருக்கு, எந்த வீட்டுல பத்தலைன்னு சொல்லிருவேன்."

"ஆற்றையே கொண்டுவந்து கொடுத்தது யார்?"

"கொண்டாந்தா ஆச்சா? அதை வீடு வீடா எறக்கிக் குடுக்கது யாரு?"

இரண்டு பேரும் சொன்னது உண்மை. வீம்புக்குப் பேசியிருந்தால் ஒருநாள் சலித்துப்போய் நிறுத்தியிருப்பார்கள். உண்மையைப் பேசினார்கள், அதனால் நிறுத்த வழியில்லாமல் போயிற்று.

வேடிக்கை என்னவென்றால், முழங்கையைக் கவனிக்க ஆளில்லாமல் இல்லை. செவ்வாய்க்கிழமைதோறும் சர்க்கார் பிட்டர் தேவசகாயம் தன் மொபெட்டில் வந்து இறங்குவார். நாற்பத்தெட்டு ஊருக்கும் அவர் ஒருத்தர்தான். ஆனாலும் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. தன் பக்கத்து எட்டு போல்ட்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்குவார். முழங்கை மேற்கே இழுபடும். இழுபட்டதும் வடக்கு வாய் மயிரிழை திறந்துகொள்ளும்.

"நம்ம பக்கம் சொட்டு இல்ல. ஒழுகுறது பஞ்சாயத்துப் பக்கம்" என்று நோட்டில் எழுதிக்கொண்டு போவார்.

மறுநாள் காலையில் தொட்டி ஆபரேட்டர் சொரிமுத்து வருவார். அவரும் நல்ல மனிதர்தான். ஊருக்குள் தண்ணீர் திறந்துவிடுவது, அடைப்பது, ஏச்சு வாங்குவது எல்லாம் அவர் பொறுப்பு. தன் பக்கம் ஒழுகுவதைப் பார்த்ததும் அவருக்கு ரோஷம் வந்துவிடும். தன் எட்டு போல்ட்டையும் இறுக்குவார். முழங்கை வடக்கே இழுபடும். மேற்கு வாய் திறந்துகொள்ளும்.

"நம்ம பக்கம் காஞ்சு கெடக்கு. ஒழுகுதது சர்க்கார் பக்கம்" என்று தலைவருக்கு போன் போட்டுச் சொல்வார்.

"வலிக்குது அண்ணாச்சி! இழுக்காதீங்க மதினி!" என்று முழங்கை கத்தும். மனிதர்கள் காதில் அது உஸ் என்று மட்டும்தான் விழும்.

தொட்டிக்கு இடுப்பளவுக்கு மேல் தண்ணீர் ஏறவில்லை. முதல் தெருவுக்கும் நடுத்தெருவுக்கும் திறந்துவிடுவதற்குள் அடி வற்றிவிடும். கடைசித் தெருக் குழாய் இருமி இருமிக் காற்றை மட்டும் துப்பியது. அங்கே பித்தளைக் குடமும் கையுமாக நின்றவர்களில் ஒருத்தி முப்பிடாதி.

முப்பிடாதி யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. எங்கே தண்ணீர் ஒழுகுகிறதோ அங்கே குடத்தை வைப்போம் என்று நேரே முழங்கைக்கு அடியில் கொண்டுவந்து வைத்தாள். குடம் நிறைய அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணி நேரமும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவாள். கேட்க வேறு ஆளில்லாததால் முழங்கையிடம் பேசினாள்.

"எம்மக சங்கரகோமதிக்கு வளைகாப்பு முடிஞ்சு ஒரு மாசமாச்சு. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வரணும்லா? சம்பந்தியம்மா விட மாட்டேங்காவ. 'புள்ளத்தாச்சியைக் குடம் தூக்குத தெருவுக்கு அனுப்ப முடியாது, ஒங்க குழாயில தண்ணி வரட்டும், பாப்போம்'ங்காவ. அவிய சொல்லுததும் நியாயந்தான. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமையை விட்டா வேற நல்ல நாளு இல்ல. பிள்ளை அங்கேயேதான் பெத்துக்கணும்."

சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொள்வாள். பிறந்ததிலிருந்து முழங்கையிடம் இப்படி உட்கார்ந்து பேசியவர்கள் யாருமில்லை. ஒழுக்கு நின்றுவிட்டால் இவள் வரமாட்டாளே என்று அதற்கு ஒரு பக்கம் பயம். நிற்காவிட்டால் கோமதி வரமாட்டாளே என்று இன்னொரு பக்கம் வேதனை. வேதனைதான் பெரிதாக இருந்தது.

புதன்கிழமை குடத்தை வைத்த முப்பிடாதி, பேசிக்கொண்டே இருந்தவள், திடீரென்று நிறுத்தினாள்.

"இதென்ன கூத்து? நேத்து சாயந்தரம் வடக்கல்லா ஒழுகுச்சு?"

கீழே குனிந்து பார்த்தாள். ஈர மண்ணில் குடத்தின் அடி அழுந்திய வட்டம் இரண்டு கிடந்தது. ஒன்று மேற்கு வாய்க்கு நேரே, ஒன்று வடக்கு வாய்க்கு நேரே. எல்லாம் அவள் குடம் போட்ட வட்டம்தான். யார் எந்தக் கிழமை வந்து முறுக்கினார்கள் என்று விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள். அப்புறம் முழங்கையை ஒரு மாதிரி இரக்கத்தோடு பார்த்தாள்.

"ஒன்னையப் போட்டு ரெண்டு பேரும் இந்தப் பாடு படுத்துதாவளா?" என்றாள்.

கேட்டதும் முழங்கைக்கு அழுகை வந்துவிட்டது. ஏற்கெனவே ஒழுகிக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை தேவசகாயம் வந்தார். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தார். முகத்திலிருந்து துண்டை எடுத்தபோது ஸ்பேனர் முப்பிடாதியின் காலிக் குடத்துக்குள் இருந்தது. குடம் அவள் மடியில் இருந்தது.

"யம்மா, ஸ்பேனரைக் குடுங்க."

"குடுக்கேன் சார். சொரிமுத்தண்ணன் வரட்டும். ஆள் அனுப்பியிருக்கேன்."

"அவரு எதுக்கு? இது எங்க பக்கத்து வேலை."

"எத்தனை செவ்வாக்கிழமை ஒங்க பக்கத்து வேலையைப் பாத்தீய? இந்தா கீழ பாருங்க, ரெண்டு வட்டம். நீங்க முறுக்குனா எங்குடம் வடக்க போவுது. அவரு முறுக்குனா மேக்க வருது. நடுவுல நான் குடத்தைத் தூக்கிட்டு அலையுதேன்."

தேவசகாயம் குனிந்து வட்டத்தைப் பார்த்தார். எழுந்து முழங்கையைப் பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது. அதற்குள் சொரிமுத்துவும் வந்து, அவரும் பார்த்தார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை.

"ஒங்க பக்கத்தை நான் தொட்டா மேல கேள்வி வரும்" என்றார் தேவசகாயம்.

"எனக்கும் அதே கேள்விதான்" என்றார் சொரிமுத்து.

"யாரு யாரு பக்கத்தையும் தொட வேண்டாம்" என்றாள் முப்பிடாதி. "அவிய அவிய பக்கத்தைத் தொடுங்க. ஒரே நேரத்துல தொடுங்கன்னுதான் சொல்லுதேன்."

குடத்தைக் கவிழ்த்து ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தாள்.

தண்ணீரை அடைத்தார்கள். பதினாறு போல்ட்டையும் தளர்த்தினார்கள். இழுப்பு விட்டதும் முழங்கை, 'அப்பாடா' என்று ஒரு அங்குலம் தானாகவே திரும்பித் தன் இடத்தில் நேராக உட்கார்ந்தது. நசுங்கிப்போன வாஷர்களை எடுத்தெறிந்தார்கள். தேவசகாயம் பையில் புதிய வாஷர் ஒன்றுதான் இருந்தது. சொரிமுத்து பழைய லாரி டியூபிலிருந்து இன்னொன்றை வெட்டிக்கொண்டு வந்தார்.

"ஒரு சுத்து நீங்க."

"ஒரு சுத்து நீரு."

மேற்கே ஒரு சுற்று, வடக்கே ஒரு சுற்று. அவசரப்பட்டு ஒருவர் இரண்டு சுற்று இறுக்கினால் முப்பிடாதி குடத்தைத் தட்டுவாள். மதியம் ஆகிவிட்டது. அவள் வீட்டிலிருந்து வந்த கருப்பட்டிக் காபியை ஆளுக்குப் பாதியாகக் குடித்துவிட்டுத் தண்ணீரைத் திறந்தார்கள்.

"வலிக்குதாடே?" என்று இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் குரல் வந்தது. அண்ணாச்சியும் மதினியும் அதை அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இல்ல" என்றது முழங்கை.

தொட்டிக்கு இடுப்பு தாண்டி, நெஞ்சு தாண்டித் தண்ணீர் ஏறியது. "யாத்தே, கழுத்து வரைக்கும் வந்துட்டு!" என்று அது கூச்சத்தில் சிரித்தது.

பெரிய குழாய் கொஞ்ச நேரம் உறுமிக்கொண்டு ஓடியது. பிறகு, கடிதத் தமிழையெல்லாம் விட்டுவிட்டு, மெதுவாகக் கேட்டது.

"நீ உசரத்துல நிக்க. கொஞ்சம் எட்டிப் பாத்துச் சொல்லேன். கடைசித் தெருவுல அந்தக் கோமதியோட தாய் வீட்டுக்குத் தண்ணி போயிட்டா?"

தொட்டி எட்டிப் பார்த்தது. "போயிட்டு" என்றது.

அன்று சாயந்தரமே சர்க்கார் நோட்டில் 'எங்கள் முயற்ச்சியால் கசிவு சரிசெய்யப்பட்டது' என்று ஏறியது. பஞ்சாயத்து நோட்டிலும் அதே வாக்கியம், அதே எழுத்துப் பிழையோடு ஏறியது. மறுநாள் சர்க்கார் ஆள் நீல டப்பாவோடும் பஞ்சாயத்து ஆள் பச்சை டப்பாவோடும் வந்து முழங்கையின் மேல் பாதிப் பாதியாகப் பூசினார்கள். ஒழுகியபோது ஒருத்தருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தவன், இப்போது இரண்டு வீட்டுப் பிள்ளை. முழங்கை கோபப்படவில்லை. குளுகுளுவென்றுதான் இருந்தது.

ஆனால் புதன்கிழமை முப்பிடாதி வரவில்லை. வியாழக்கிழமையும் வரவில்லை. அவள் வராதது நல்ல சேதிதான் என்று முழங்கை தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. மண்ணில் இரண்டு வட்டமும் காய்ந்துகொண்டிருந்தன.

வெள்ளிக்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் குடம் தெரிந்தது. முப்பிடாதியேதான். வந்து, பழைய வட்டத்தில் குடத்தை வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சம்பந்தியம்மா நம்பலை, கேட்டியா? போனைக் கொண்டுபோய்க் குழாய்க்கிட்ட புடிச்சேன். குடம் ரொம்புத சத்தத்தை முழுசாக் கேட்டுட்டு, 'சரி, அனுப்பி வைக்கேன்'ட்டாவ. கோமதி பத்து மணி பஸ்ல வாரா. ஒங்கிட்ட சொல்லாம இருக்க முடியலை."

குடம் நிறைகிறதா என்று பழக்கத்தில் எட்டிப் பார்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. தன்னை நினைத்துத் தானே சிரித்து, முழங்கையின் நீலத்தில் ஒரு தட்டு, பச்சையில் ஒரு தட்டு தட்டிவிட்டு எழுந்தாள்.

எதிரே வந்த சொரிமுத்து, "வெறுங்குடத்தோட எதுக்க வாரியே முப்பிடாதி, நான் வேலைக்குப் போவணுமா, வேண்டாமா?" என்றார்.

"இன்னைக்கு ஒண்ணும் ஆகாது அண்ணே, தைரியமாப் போங்க" என்றாள்.

முழங்கை பார்த்துக்கொண்டே இருந்தது. ஒழுக ஆரம்பித்த நாற்பது நாளில் முதல்முறையாக, இடுப்பில் காலிக் குடத்தோடு, முப்பிடாதி சிரித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.