சமையற்காரன் சொன்ன 'சரி'

முன்னொரு காலத்தில், எதற்கெடுத்தாலும் 'ஏன்' என்று கேட்கும் ராஜா ஒருவர் இருந்தார். ஒரு நாள் ரசத்தை வாயில் வைத்தவர் முகத்தைச் சுளித்தார்.

"சாத்தா, உப்பு அதிகம்."

"சரிங்க மகாராஜா" என்றான் சமையற்காரன் சாத்தன்.

வேறு யாராக இருந்தாலும் மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்திருப்பார்கள். நம் ராஜா விடுவாரா?

"சரி என்றால் நியாயம் என்றுதானே பொருள்? உப்பு அதிகமாக இருப்பது நியாயமா?"

"சரிங்க" என்றான் மறுபடியும். வாய்ப்பழக்கம், பாவம்.

சபை கூடியது. அந்தச் சொல்லுக்கு என்னதான் பொருள் என்று ராஜா கேட்டார். விகடகவி வயிரவனைக் கண்டாலே மந்திரி பெருந்தேவருக்கு ஆகாது. சாத்தனோ வயிரவனின் உயிர்த்தோழன். மந்திரி சும்மா இருப்பாரா?

"மகாராஜா, சரி என்றால் ஒப்புக்கொண்டேன் என்பது ஒன்றே பொருள். வேண்டுமென்றே உப்பை அள்ளிப் போட்டதாக இவன் ஒப்புக்கொண்டுவிட்டான். நாடு கடத்துவதே முறை. வேறு பொருள் உண்டென்றால் வயிரவன் நிரூபிக்கட்டும். முடியாவிட்டால் அவனும் கூடவே போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. சாத்தனுக்குக் கண் கலங்கியது.

வயிரவன் எழுந்தான். "மகாராஜா, அதற்குமுன் ஒரு கதை சொல்ல உத்தரவு வேண்டும்."

கதை என்றால் ராஜாவுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். "சொல், சொல்!"

"ஒரு தேசத்தில் ஒரு ராஜா இருந்தார்."

"சரி."

"அவருக்குப் பெருந்தேவர் என்று ஒரு மந்திரி."

"சரி."

"அந்த மந்திரி பதவிக்கே லாயக்கில்லாதவர்."

"சரி, அப்புறம்?"

"அவ்வளவுதான், மகாராஜா. தாங்களே ஒப்புக்கொண்டீர்கள். மந்திரியார் மூட்டை கட்டலாம்."

பெருந்தேவர் பதறி எழுந்தார். "மகாராஜா! அது ஒப்புக்கொண்ட சரி அல்லவே! கதைக்கு 'உம்' கொட்டிய சரி! காதில் விழுந்தது என்றுதானே அதற்குப் பொருள்!"

வயிரவன் அவரைப் பணிவாகக் கும்பிட்டான். "சாத்தன் சொன்னதும் அந்தச் சரிதான். மந்திரியாரே நிரூபித்துவிட்டார்."

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. சாத்தனை விடுவித்துவிட்டு, தம் முத்துமாலையைக் கழற்றினார்.

"வயிரவா, இது உனக்கு. சரியா?"

வயிரவன் வாயைத் திறக்கவில்லை. கழுத்தை மட்டும் நீட்டினான்.