கொக்கு வீட்டில் ஒற்றைக் கெண்டை

ஏரி நடுவே நின்ற கருவேல மரத்தில் ஒரு கொக்குக் குடும்பம் இருந்தது. அப்பா நெடுங்காலன், அம்மா வெள்ளையம்மா, மூன்று குஞ்சுகள். மூத்தவை இரண்டும் ஆண். கடைக்குட்டி பூவாயி.

அந்தக் கூட்டில் ஒரு வழக்கம். முதல் மீன் இரைக்குப் போகிற அப்பாவுக்கு. அடுத்தது பையன்களுக்கு. மிச்சம்தான் அம்மாவுக்கும் பூவாயிக்கும். தினம் பத்துப் பன்னிரண்டு மீன் வந்த காலத்தில் இது யாருக்கும் உறுத்தவில்லை.

அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன இருமல் நோய் வந்தது. பறவைகள் கிளையிலிருந்து பொத்துப் பொத்தென்று விழுந்தன. காகம் மரம் மரமாகக் கத்திக்கொண்டு போனது.

"யாரும் கூட்டை விட்டு இறங்கக் கூடாது! நீர்க்காகம் நோய் வந்து பிழைச்சவன். அவன் மட்டும் ஏரியில முங்கி, கூட்டுக்கு ஒரு மீன் கொண்டுவந்து போடுவான்!"

தினம் ஒரே ஒரு கெண்டை வந்தது. அதில் பாதியை நெடுங்காலன் விழுங்கினான். மீதியைப் பையன்கள் பிடுங்கிக்கொண்டார்கள்.

"நீங்கதான் இப்போ எங்கேயும் போகலையே! உங்க பங்கைச் சின்னதுக்குக் கொடுங்களேன்" என்றாள் வெள்ளையம்மா.

"நல்லா இருக்கே கதை! நாளைக்கே போகச் சொல்லிட்டா? நான் தெம்பா இருந்தாத்தானே எல்லாருக்கும் இரை!"

கூட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறவனுக்கு எதற்கய்யா முதல் மீன்? வழக்கமாம், வழக்கம்! வெள்ளையம்மாவும் அந்த வழக்கத்துக்கே தலையாட்டிவிட்டு, கூட்டை ஒட்டித் தண்ணீரைத் தொட்ட கிளையில் படிந்திருந்த பாசியைச் சுரண்டித் தானும் தின்றாள், மகளுக்கும் ஊட்டினாள்.

"அம்மா, எனக்கு மீன் வாலாவது?"

"நாளைக்குத் தர்றேன் தங்கம்."

அந்த நாளை வரவேயில்லை. பூவாயிக்கு வயிறு உப்பியது. சிறகு மட்டும் முளைக்கவில்லை. கொஞ்ச நாளில் அவள் கேட்பதையும் விட்டுவிட்டாள்.

"சமத்துப் பிள்ளை! அழுறதே இல்லை பாரு!" என்று மெச்சினான் நெடுங்காலன். அழத் தெம்பில்லை என்பது அந்த மடையனுக்கு உறைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து நோய் ஓய்ந்தது. "நம்ம கூட்டில ஒருத்தருக்கும் இருமல் வரலை! எல்லாரும் தப்பிச்சோம்!" என்று நெடுங்காலன் குதித்தான். பையன்கள் இருவரும் ஜிவ்வென்று பறந்தார்கள். பூவாயியும் ஆசையாக எழுந்தாள். கால் மடங்கி, அப்படியே கூட்டில் சரிந்தாள்.

அப்போதுதான் நெடுங்காலன் மகளை உற்றுப் பார்த்தான். ஐயோ, எலும்பும் தோலுமாகக் கிடந்தாள்! பதறிப் பறந்துபோய் ஒரு கொழுத்த கெண்டையைக் கொண்டுவந்து அவள் வாயருகே வைத்தான்.

"முதல் மீன் உனக்குத்தான் தாயி! தின்னு, தின்னு!"

பூவாயி அலகைத் திறந்து பார்த்தாள். விழுங்க முடியவில்லை.

"நீங்க தின்னுங்கப்பா. நீங்கதானே இரைக்குப் போகணும்."

சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்தாள். பிறகு நிமிரவே இல்லை. வெள்ளையம்மா போட்ட ஓலத்தில் ஏரிக்கரையே நடுங்கியது. அந்த மீனை யாரும் தொடவில்லை.

உணவு குறைகிற காலத்தில் பழைய வரிசையைத் தூக்கிப் போட்டுவிட்டு, வளர்கிற பிள்ளைக்குத்தான் முதலில் ஊட்ட வேண்டும்.