பொன்னாடையில் துள்ளிய கெண்டை

எந்த நாடு, எந்த ஆண்டு என்று கேட்கக்கூடாது. முன்னொரு காலத்தில் ஒரு மன்னர் இருந்தார். அவர் சபையில் மழவராயர் என்றொரு பிரதானி இருந்தார். மழவராயருக்கு ஓயாத வயிற்றெரிச்சல் இருந்தது.

காரணம் விகடகவி சுருளி. மன்னருக்கு வலப்பக்கத்து ஆசனம் அவனுடையது. பட்டாபிஷேகத்தன்று மன்னர் போர்த்திய, வலைபோல் மெல்லிய சல்லாப் பொன்னாடையை மழவராயர் ஒரு நாளும் தோளிலிருந்து இறக்கியதில்லை. சுருளிக்கு அப்படியொன்று கிடையாது. ஆனால் மன்னர் சிரிப்பதெல்லாம் சுருளி வாயைத் திறந்தால்தான். கண்ணாடி முன் நின்று பழகிவந்து மழவராயர் சொன்ன வேடிக்கைக்கு மன்னர் கொட்டாவி விட்டார்.

ஒரு நாள் காலை, ஐந்து வயது இளவரசி மரகதவல்லி, மீன் பிடித்தால்தான் பால் குடிப்பேன் என்று அடம்பிடித்தாள்.

"சுருளி, குழந்தைக்கேற்ற கருவியைத் தேர்ந்து கொடு" என்றார் மன்னர். "உச்சிப்பொழுதுக்குள் அவளே பிடிக்க வேண்டும். எங்காவது குத்தியது கிழித்தது என்றால் மகாராணிக்கு என்னால் பதில் சொல்ல முடியாது."

மழவராயர் எழுந்தார். "ஒரு விண்ணப்பம், மகாராஜா. அரச குழந்தை முதன்முதலாகச் செய்யும் காரியத்துக்கு, பட்டாபிஷேக நாளில் மன்னர் தம் கரத்தால் வழங்கிய பொருளே கருவியாக வேண்டும். முன்னோர் வழக்கம்."

"ஆமாம், மறந்தே போனேன்."

"விகடகவியால் இயலாதெனில், ஆசனத்தை வேறொருவருக்கு விட்டுத்தரலாமே."

மன்னருக்கு விளையாட்டுப் பிடித்துவிட்டது. "அப்படியே. தோற்றால் ஆசனம் உமக்கு!"

தூண்டிலை எந்த மன்னர் பரிசளிப்பார்? அந்த ஆசனத்தின் மெத்தை எவ்வளவு மெத்தென்றிருக்கும் என்று மழவராயர் அப்போதே யோசிக்கத் தொடங்கினார்.

சபையே குளக்கரைக்கு வந்தது. சுருளி படியில் உட்கார்ந்து மோவாயைத் தடவினான்.

"என்ன சுருளி, வாளால் மீனைச் சீவப் போகிறாயா?" என்றார் மழவராயர்.

"வாள் பிள்ளைக்குக் கனம், பிரபு. வேல் குத்தும். முத்துமாலை அறுந்தால் பிள்ளை முத்தை விழுங்கிவிடும். கனமில்லாமல், கூரில்லாமல், தண்ணீர் வடிகிற மாதிரி ஒன்று வேண்டும்." அவன் பார்வை அவர் தோளில் நின்றது. "இது எப்போது வாங்கியது, பிரபு?"

"வாங்கியதா? பட்டாபிஷேகத்தன்று மன்னரே போர்த்தியதடா!"

சொல்லி முடித்த பிறகுதான் மழவராயர் பொன்னாடையை இரு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மகாராஜா, கருவி கிடைத்துவிட்டது" என்றான் சுருளி.

அதற்குள் இளவரசி ஒரு முனையைப் பற்றி இழுத்தாள். மழவராயர் மறுமுனையை விடவில்லை. விடுவாரா? அவள் படியிறங்கினாள், பொன்னாடையோடு அவரும் இறங்கினார். கால் சேற்றில் புதைந்தது.

"விடுங்க மாமா!"

"மாட்டேனம்மா! இது மன்னர் கொடுத்தது!"

"விடாதீர்கள், பிரபு. இன்னும் இறுக்கிப் பிடியுங்கள்" என்று சுருளி மடியிலிருந்த பொரியை எடுத்துத் தண்ணீரில் தூவினான். "எங்கள் தெருப் பிள்ளைகளும் துண்டை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துத்தான் மீன் அள்ளும். அவர்களுக்கும் இப்படி ஒரு கூட்டாளி வேண்டும்."

பொரிக்குக் கெண்டைக் குஞ்சுகள் கூடின. "தூக்கு, தாயி!"

இளவரசி தூக்கினாள். ஆடை பறிபோகிறதே என்று மழவராயரும் தூக்கினார். தண்ணீர் வடிந்தது. ஜரிகை நடுவே ஒரு கெண்டை துள்ளி, அவர் மீசையில் வாலால் ஓர் அடி கொடுத்துவிட்டு மறுபடியும் ஆடையிலேயே விழுந்தது.

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்தபடி கழுத்து மாலையைக் கழற்றிச் சுருளிக்குப் போட்டார். "ஆசனம் என்றும் உனக்கே!" பிறகு குளத்தைப் பார்த்தார். "மழவராயரே, என்னை இப்படி யாரும் சிரிக்க வைத்ததில்லை!"

இந்த ஒரு வார்த்தைக்காக மழவராயர் எத்தனையோ ஆண்டுகள் காத்திருந்தார். முழங்கால் சேற்றில் நின்று, மீன் நாற்றமடிக்கும் பொன்னாடையோடு அதைக் கேட்டுக்கொண்டார்.

"நாளைக்கும் வாங்க மாமா" என்றாள் இளவரசி. "துண்டை மறந்துடாதீங்க."