சாயாத வண்டி

ஐயாவுக்கு ஆசிரமம் கிடையாது. ஒரு பழைய கேரவன்தான் இருந்தது.

ஒரு காலத்தில் சினிமா நடிகர்கள் மேக்கப் போட்டுக்கொள்ள ஓடிய வண்டி அது. இனி இதைக் கட்டி மேய்க்க முடியாது என்று ஆனதும் அதன் முதலாளி ஐயாவுக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டார். கொடுத்தவருக்குப் புண்ணியம், வாங்கியவருக்கு ரிப்பேர்.

ஐயாவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. கல்லூரியில் தத்துவம் நடத்திக்கொண்டிருந்தவர், வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகப் பேசக் கிளம்பினார். வண்டியில் கூட இருந்தவர்கள் இரண்டே பேர். மயிலாத்தாள் வண்டிக்குள்ளேயே அடுப்பு வைத்துச் சமைப்பார். நல்லசிவம் வண்டியை ஓட்டுவார், பழுதும் பார்ப்பார். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் பாதி ஆயுளைக் கழித்தவர். ஐயாவைவிட வயதில் மூத்தவர்.

வருகிறவர்கள் யாராவது நல்லசிவத்தைக் காட்டி, இவர் உங்கள் சீடரா என்று கேட்பார்கள்.

"நம்ம வண்டியைப் பாத்துக்கறவர்" என்பார் ஐயா.

நல்லசிவத்துக்கு அது சுருக்கென்று தைக்கும். வீட்டையும் சம்பளத்தையும் விட்டுவிட்டு வந்தவர். ஐயா வாயால் ஒரே ஒருமுறை சீடன் என்று கேட்டுவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை கிடையாது. அதை மயிலாத்தாளிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

"அந்தச் சொல்லை வாங்கி என்ன பண்ணப் போறீங்க தம்பி? தோசையா சுடப் போறீங்க?" என்றார் மயிலாத்தாள்.

வண்டிக்கு ஒரு வியாதி இருந்தது. அடியில் இரும்புப் பட்டைகளுக்குப் பதிலாக ரப்பர் காற்றுப் பைகள்தான் அதைத் தாங்கின. இடதுபக்கம் பின்னால் இருந்த பையின் மடிப்பில் வெடிப்பு விட்டிருந்தது. சோப்புத் தண்ணீரை ஊற்றினால் நுரை கிளம்பும். நிறுத்தி வைத்தால் மெல்ல மெல்லக் காற்று இறங்கி, காலையில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும்.

ஐயா பேசுவது காலையில்தான். பக்கவாட்டுக் கதவைத் திறந்து வைத்து, வண்டியின் தரையிலேயே பலகை போட்டு உட்காருவார். கேட்பவர்கள் வெளியே மண்ணில் உட்காருவார்கள். கோபிப் பக்கம் ஓர் ஊரில், மனம் சமநிலையில் இருப்பது பற்றி அவர் பேசிக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் இருந்த ஒரு குழந்தை, "அம்மா, சாமி சாயுது" என்றது. கூட்டம் சிரித்தது. ஐயாவும் சிரித்தார். ஆனால் சீக்கிரமே பேச்சை முடித்துக்கொண்டார்.

பிறகு நல்லசிவத்தைக் கூப்பிட்டு, தரை சமமாக இருக்க வேண்டும், தான் கேட்பது அவ்வளவுதான் என்றார்.

பையை மாற்ற வேண்டும் என்றார் நல்லசிவம். பழைய மாடல். தேடிப் பிடிக்க வேண்டும். அதுவரை வண்டி நிற்க வேண்டும்.

அடுத்தடுத்த ஊர்களில் பேச ஒப்புக்கொண்டாயிற்று, நிற்க முடியாது என்றார் ஐயா. வேறு வழி இல்லையா என்று கேட்டார்.

இருந்தது. தெரிந்தவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு வழி இருக்கும், அதுதான் தொல்லை. வண்டியில், என்ஜின் ஓடும்போது நிரம்பும் ஒரு காற்றுத் தொட்டி உண்டு. பிரேக்குக்கும் காற்று அதிலிருந்துதான், பைகளுக்கும் அதிலிருந்துதான். பை கசிந்தால் பிரேக்கின் காற்றும் சேர்ந்து போய்விடாமல் தடுக்க நடுவில் ஒரு வால்வு இருக்க வேண்டும். அதை முன்பே யாரோ கழற்றிப் போட்டிருந்தார்கள். தொட்டியிலிருந்து நேராக அந்த வெடித்த பைக்கு ஒரு குழாய் இழுத்து, நடுவில் ஒரு திருகு வைத்துவிட்டால் போதும். காலையில் திருகைத் திறந்தால் இடதுபக்கம் எழும்பும். திறந்தே இருக்கும்வரை சமமாக நிற்கும்.

"அது பிரேக்குக்கு உள்ள காத்துங்க ஐயா" என்றார் நல்லசிவம்.

"நிக்கற வண்டிக்கு எதுக்கு பிரேக்?"

பக்கத்தில் இருந்தவர்கள் ரசித்தார்கள். நல்லசிவமும் ரசித்தார். குழாயை இழுத்தார். மறுநாள் ஐயாவின் பலகை மட்டம் பிசகாமல் இருந்தது.

அதன்பிறகு பஸ்ஸர் கத்த ஆரம்பித்தது.

தொட்டியில் காற்று குறைந்தால் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு பஸ்ஸர் அலறும். சாவி போட்டிருந்தால்தான் அதற்கு உயிர். ஐயாவின் மைக்கும் சாவி போட்டால்தான் வேலை செய்யும். வண்டி கைமாறிய போதெல்லாம் ஆளாளுக்கு ஒயரை வெட்டி முடிச்சுப் போட்டதில், எது எதோடு சேர்ந்திருக்கிறது என்பது கடவுளுக்குத்தான் தெரியும். ஆகவே ஐயா பேச வாயைத் திறந்தால் அதுவும் திறந்தது.

முதல்முறை அது கத்தியது பொய். தொட்டியில் காற்று நிறைய இருந்தது. எர்த் ஒயர் துருப்பிடித்துப் போய், பஸ்ஸர் தானாகக் கத்தியிருந்தது. நல்லசிவம் துருவைச் சுரண்டி, இறுக்கிக் கட்டினார். ஐயாவிடமும் அப்படியே சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அடுத்த ஊரில் அது மறுபடியும் கத்தியபோது ஐயா பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

"இந்தத் தடவை நெசங்க. காத்து இறங்கிட்டு இருக்குது."

"போன வாரம் பொய் சொன்னது, இந்த வாரம் உண்மை பேசுதா?"

நல்லசிவம் டெஸ்ட் பல்பை வைத்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தார். எர்த் சரியாக இருந்தது. பஸ்ஸரும் சரியாக இருந்தது. காற்றின் அளவைக் காட்டும் முள் என்றைக்கோ செத்துப்போய், எப்போதும் பாதியிலேயே நின்றது. அந்த வண்டியில் உண்மை பேச மிச்சமிருந்தது பஸ்ஸர் ஒன்றுதான். இதை அவர் ஐயாவிடம் விளக்கமாகச் சொன்னார்.

ஐயா பொறுமையாகக் கேட்டார்.

"காத்து குறையுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுங்க."

"தெரிஞ்சவருக்கு எதுக்கு மணி?"

நல்லசிவம் டெஸ்ட் பல்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். அன்று முழுவதும் அந்தக் கேள்வியையே மென்றுகொண்டிருந்தார். இருந்தாலும் மறுநாள் காலையில் மறுபடி சொன்னார், பஸ்ஸரை எடுக்க வேண்டாம், குழாயைத்தான் எடுக்க வேண்டும் என்று. அதற்கடுத்த நாளும் சொன்னார். டீ கொடுக்கும்போது சொன்னார், வண்டியைத் துடைக்கும்போது சொன்னார். ஐயாவுக்கு அலுத்துவிட்டது. அவரிடம் பேசுவதை நிறுத்தினார். ஏதாவது வேண்டுமென்றால் மயிலாத்தாளிடம் சொல்லி அனுப்பினார்.

திட்டியிருந்தால் நல்லசிவம் தாங்கியிருப்பார். பேசாமல் இருந்ததைத் தாங்க முடியவில்லை. பவானியில் வண்டி நின்றிருந்தபோது, ஸ்டியரிங்குக்குக் கீழே படுத்து, பஸ்ஸரின் ஒயரைப் பிடுங்கி, நுனிக்கு டேப் சுற்றிவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில் தரை சமமாக இருந்தது. சத்தமும் இல்லை. ஐயா அருமையாகப் பேசினார். பேசி முடித்ததும், கடைசியில் நின்றிருந்த நல்லசிவத்தைக் கைகாட்டி அழைத்தார்.

"இங்க வா, சிவம்."

அதுவரை அவரை ஐயா ஒருமையில் கூப்பிட்டதில்லை. நல்லசிவம் முன்னால் வந்து நின்றார்.

"இவன் என் சீடன்" என்றார் ஐயா, கூட்டத்தைப் பார்த்து. "தன்னோட அறிவைக் கழட்டி வைக்கத் தெரிஞ்சவன்."

நல்லசிவம் வண்டிக்குப் பின்னால் போய், சக்கரத்தின் அருகே உட்கார்ந்து அழுதார். சந்தோஷ அழுகைதான், அதில் சந்தேகம் இல்லை. மயிலாத்தாள் பாயசம் வைத்தார். டம்ளரைக் கொடுக்கும்போது, முன்னாடி கத்திக்கொண்டிருந்ததைத் திரும்ப மாட்டியாயிற்றா என்று கேட்டார். மாட்டிக்கொள்ளலாம் அக்கா, என்ன அவசரம் என்றார் நல்லசிவம்.

பிறகு ஏற்காடு போனார்கள். மேலே மூன்று கூட்டங்கள். முடித்துவிட்டு இறங்கும் நாளில் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஓடும்போதும் வண்டி இடதுபக்கம் தொய்கிறது, உட்கார்ந்து எழுத முடியவில்லை, அந்தத் திருகைத் திறந்தே வைத்துவிடு என்றார் ஐயா.

பட்டறையில் நேற்றுச் சேர்ந்தவன்கூட அதைச் செய்யமாட்டான். மலை இறக்கத்தில் நொடிக்கொரு தரம் பிரேக்கை மிதிக்க வேண்டும். மிதிக்கும் ஒவ்வொரு முறையும் தொட்டியிலிருந்து காற்று செலவாகும். நல்லசிவம் சொல்ல வாயெடுத்தார். தான் சீடன் என்பது நினைவுக்கு வந்தது. திருகைத் திறந்துவிட்டு வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

பாதி மலை வரைக்கும் ஒன்றுமில்லை. பிறகு பெடல் மெத்தென்று ஆனது. காற்று அடியோடு குறைந்தால் பின்சக்கரங்கள் தாமாகவே இறுகிக்கொள்ளும். வண்டி உருண்டோடாமல் இருக்கச் செய்து வைத்த பாதுகாப்பு அது. ஈரச் சாலையில், வளைவின் நடுவில், அந்தப் பாதுகாப்பே வண்டியைச் சுழற்றி எறிந்தது. இடதுபக்கம் முழுவதும் மலைப்பாறையில் மோதித் தேய்ந்து நின்றது.

ஐயா வலதுபக்கம் இருந்தார். அவருக்குக் கீறல்கூட இல்லை. நல்லசிவத்துக்கு நெற்றியில் தையல். அடுப்பு இடதுபக்கம் இருந்தது. மயிலாத்தாளின் வலது கால் தகரத்துக்கும் சமையல் மேடைக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. சேலத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது, முழங்காலுக்குக் கீழே காப்பாற்ற முடியாது என்றார்கள்.

விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் நல்லசிவம் எதையும் மறைக்கவில்லை. குழாய் இழுத்தது நான், திருகைத் திறந்தது நான், ஒயரைப் பிடுங்கியது நான் என்றார். யார் சொல்லிச் செய்தாய் என்று போலீஸ்காரர் கேட்கவில்லை. அவர் தானாகச் சொல்லவும் இல்லை. ஐயா இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார்.

மயிலாத்தாளுக்கு நினைவு திரும்பியதும் நல்லசிவம் உள்ளே போனார். கட்டிலின் கால்மாட்டைப் பார்க்கத் துணிவில்லாமல் தலைமாட்டில் நின்றார். தெரிந்தவருக்கு மணி எதற்கு என்று ஐயா கேட்டார் அக்கா, என்னிடம் பதில் இல்லாமல் போய்விட்டது என்று ஏதோ உளறினார்.

மயிலாத்தாள் அவரைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்களுக்குத் தெரியும் தம்பி. எனக்குத் தெரியாதே. எனக்காவது அது கத்தியிருக்கோணுமல்ல?"

நல்லசிவம் வெளியே வந்தார்.

தாழ்வாரத்தில் ஆட்கள் சேர்ந்திருந்தார்கள். செய்தி கேட்டு சேலத்திலிருந்தும் பவானியிலிருந்தும் வந்தவர்கள். ஐயாவுக்கு யாரோ ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டிருந்தார்கள். இந்த நேரத்தில் ஏதாவது சொல்லுங்கள், மனதுக்கு ஆறுதலாக இருக்கும் என்று ஒரு பெரியவர் கைகூப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஐயா கண்களை மூடியிருந்தார். பேசப் போகிறார் என்று எல்லோரும் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

நல்லசிவம் அவர்களைத் தாண்டிக்கொண்டு நாற்காலிக்கு எதிரே போய் நின்றார். நெற்றிக் கட்டில் ரத்தம் கசிந்திருந்தது. அவர் ஐயாவிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போதும் குரலை உயர்த்தவில்லை.

"ஐயா, நான் உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

ஒருவர் அவர் கையைப் பிடித்து இழுத்தார். அவர் நகரவில்லை.

ஐயா கண்ணைத் திறந்தார். எல்லாம் விதி என்று சொல்லியிருக்கலாம். உடம்பு நமதில்லை என்று சொல்லியிருக்கலாம். அங்கே இருந்தவர்கள் எதைச் சொன்னாலும் ஏற்றுக்கொண்டிருப்பார்கள், ஒருவேளை நல்லசிவமும். ஐயா நாற்காலியைவிட்டு எழுந்தார்.

"சொன்னீங்க" என்றார். "தெனமும் சொன்னீங்க. சொல்றதை நிறுத்தின பிறகுதான் உங்களைச் சீடன்னு கூப்பிட்டேன்."